ரீசெட் போட்ட வாரம்

என் போனுக்குப் பேய் பிடித்திருந்தது. இதை என் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர். "பேயாவது பிசாசாவது, டச்சுல ஏதோ ஃபால்ட். எந்த ஃபால்ட்டுக்கும் ஒரு ரூட் காஸ் இருக்கும்" என்பார். அந்த ரூட் காஸ் என்ற வார்த்தையை அவர் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு பால் பாக்கெட்கூடத் திரிந்ததில்லை.

பேய் என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மேஜைமேல் சும்மா கிடக்கும்போதே டார்ச் எரியும். கேமரா தானே திறந்து சமையலறை மின்விசிறியை நாற்பது படம் எடுத்து வைக்கும். என் நாத்தனாருக்கு "ழழழழழழ" என்று செய்தி போகும். அவள் அதற்கும் ஒரு கும்பிடு பொம்மையைத் திருப்பி அனுப்புவாள். இதெல்லாம்கூடப் போகட்டும், யாராவது கூப்பிட்டால்தான் அதன் முழுக் கூத்தும் தெரியும். மணி அடிக்கும். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் சிவப்பு வட்டத்தைத் தானே அமுக்கி அழைப்பை வெட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி திரையை அணைத்துக்கொள்ளும். யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்கப் போனால் விரல் பட்டாலும் நகராது.

வேறு வாரமாக இருந்தால் சகித்துக்கொண்டிருப்பேன். அந்த வாரம் எனக்கு ஒரு போன் வரவேண்டியிருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நான் நூலகப் படிப்பு படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு மாதம் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு அந்தச் சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. இப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். செம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் காலை ஏழரையிலிருந்து மாலை ஏழு மணிவரை நானும் மிக்ஸியும் மட்டும்தான். இரண்டு பேரில் மிக்ஸிதான் அதிகம் பேசும்.

சனிக்கிழமை நேர்முகத் தேர்வு. தலைமை சிஸ்டர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மேஜைமேல் முப்பது புத்தகங்களைக் குவித்து, "இதைப் பிரிச்சு அடுக்குங்க" என்றார். அடுக்கினேன். கை மறக்கவில்லை. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. வர்ற சனிக்கிழமைக்குள்ள போன் பண்ணுவோம். எடுக்கலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவோம், எங்களுக்கு நேரம் இல்ல. நீங்க வந்து நிக்க வேண்டாம்" என்றார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

இப்படி ஒரு போனுக்காகக் காத்திருக்கும் வாரத்தில்தான் இந்தச் சனியன் அப்படி ஆடியது.

திங்கட்கிழமை காலையில் வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றது. இவ்வளவு பெரிய செம்பாக்கம் ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் நாங்கள், அதில் எங்களுக்கு வெட்கம் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. பழக்கப்பட்ட வீடுகள் லாரிக்காரரிடம் பேசவேண்டாம், ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், லாரி வந்துவிடும். அன்று எங்கள் சம்ப் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"நான் கூப்பிடலையேப்பா" என்றேன்.

"இன்னாம்மா கூப்டல? மூணு தபா மிஸ்டு கால் வந்துகீது. இன்னாவோ அர்ஜென்ட்டுனு மாடம்பாக்கம் லோடை வுட்டுட்டு வந்துகினு கீறேன்."

"அது நான் குடுக்கல. என் போன் குடுத்திருக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போனு குட்த்துச்சா? அப்ப போனையே வந்து தண்ணி புட்ச்சிக்க சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு ரிவர்ஸ் எடுத்தார். நான்கு மாடிகளிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. எங்கள் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் எட்டிப் பார்க்காத தலைகள்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். இரண்டு வாரமாக நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு வாரமாக அவர் சொன்ன பதில்தான் அன்றும் கிடைத்தது. "பாக்கலாம்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாலையில் வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அந்தப் போனைக் குடு" என்றார். எனக்கு ஆச்சரியம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஷேவிங் பிளேடு, பழைய பனியன் துணி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மருந்து, ஒரு பல் குத்தும் குச்சி எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். அறுவை சிகிச்சைதான். திரைமேல் ஒட்டியிருந்த கண்ணாடியை பிளேடால் நெம்பி எடுத்தார். "ஸ்டெப் ஒன்னு, வெளியில இருக்கிற காரணங்களை எலிமினேட் பண்ணணும்" என்றார். உறையைக் கழற்றினார். சார்ஜ் போடும் துளையைக் குச்சியால் குடைந்து ஒரு துளி பஞ்சை வெளியே எடுத்து என் கண்ணெதிரில் காட்டினார். அதுதான் ரூட் காஸாக இருக்கலாம் என்றார்.

எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. அதை இப்போது எழுதும்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. என் வேலைக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று நினைத்து, அன்று இரண்டு வாழைக்காய் பஜ்ஜி கூடுதலாகப் போட்டேன். பஞ்சை எடுத்த பத்தாவது நிமிஷத்தில் டார்ச் எரிந்தது.

புதன்கிழமை அவர் அலுவலகத்தில் யாரிடமோ கேட்டு வந்து, போனைச் சுத்தம் செய்யும் செயலி ஒன்றை இறக்கினார். அது ஒரு துடைப்பம் படம் காட்டி, உங்கள் போனில் இருநூற்றுச் சொச்சம் குப்பைகள் இருக்கின்றன என்று பயமுறுத்தி, எல்லாவற்றையும் பெருக்கிவிட்டதாகப் பாராட்டிக்கொண்டு, நடுவில் ரம்மி விளையாடக் கூப்பிட்டது. அது போதவில்லை என்று இன்னும் இரண்டு துடைப்பங்கள். அவற்றுக்குக் காவலாக ஒரு வைரஸ் பிடிக்கிறவன். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் என் போனில் நான்கு துப்புரவுப் பணியாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு வாரத்தில் ஒருத்தர் வந்தாலே அதிர்ஷ்டம். அதற்கப்புறம் சேஃப் மோட் என்று ஒன்றில் போட்டார். அதில் திரையின் மூலையில் சேஃப் என்று எழுதியிருந்தது. அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே போன் தானாக அலாரம் வைத்துக்கொண்டது.

"எதுக்கும் உங்க போன்லேந்து ஸ்கூலுக்கு ஒரு கால் போட்டுக் கேக்கட்டுமா? ஒருவேளை கூப்பிட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"மணி ஒன்பதாகுது. ஸ்கூல்ல வாட்ச்மேன்தான் இருப்பார்" என்றார், துடைப்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது. யாரையும் கேட்காமல் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தாம்பரம் போனேன். மேற்குத் தாம்பரத்தில் நடைமேம்பாலத்தை விட்டு இறங்கிய சந்தில் ஒரு பாய் சின்னக் கடை வைத்திருக்கிறார். ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டும், அந்த அளவுக் கடை. நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் போனை வாங்கி இரண்டு நிமிஷம் பார்த்தார்.

"அக்கா, யாரு இதுல இவ்ளோ க்ளீனர் போட்டது? நாலும் ஒண்ண ஒண்ணு க்ளீன் பண்ணிகினு கீது."

"எங்க வீட்டுக்காரர்."

"அண்ணன் இன்ஜினியரா?"

"குவாலிட்டி கண்ட்ரோல்."

"அதான பாத்தேன்" என்றார். சிரிக்கவில்லை, அதுதான் அவருடைய நாகரிகம். "டிஸ்ப்ளே நல்லாத்தான் கீதுக்கா. சாஃப்ட்வேர்தான் பேஜார் பண்ணுது. உள்ள கீறத எல்லாம் அழிச்சிட்டு ஃபேக்டரி ரீசெட் போட்டா அடங்கிடும். போனை வுட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க."

"விட்டுட்டுப் போக முடியாதுங்க. எனக்கு இதுல ஒரு போன் வரணும். வேலை விஷயம்."

அவர் நெற்றி விளக்கை அணைத்தார். "அப்ப வூட்லயே போட்டுக்கலாம், கஷ்டம் இல்ல. ஆனா ஒண்ணு. உள்ள போட்டுகீற ஜிமெயில் பாஸ்வேர்டு தெரியுமா? அது தெரியாம போட்டா பூட்டிக்கும். அப்பறம் நம்மளாண்ட எடுத்தாந்தாலும் தொறக்க முடியாது."

"அது அவர்தான் போட்டுக் குடுத்தார்."

"அப்ப அண்ணனாண்ட கேட்டுகினு செய்யுங்க" என்றார். பார்த்ததற்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று மாலை இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. சந்துக் கடையில் போய்க் காட்டியது அவருக்கு அவமானமாம். "நான் ஒரு ப்ராசஸ்ல போயிட்டிருக்கேன், நடுவுல நீ ஏன் கைய வக்கிற?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க ப்ராசஸ் முடியறதுக்குள்ள என் வேலை போயிடும். நாளைக்கு நான் நேரா ஸ்கூலுக்கே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

"வந்து நிக்காதீங்கன்னு அந்த சிஸ்டர் சொன்னாங்கன்னு நீதானே சொன்ன? போய் நின்னா கெஞ்சற மாதிரி ஆயிடும். கூப்பிடணும்னா அவங்களே கூப்பிடுவாங்க. டீசன்டா வெயிட் பண்ணு" என்றார்.

நான் டீசன்டாகக் காத்திருந்தேன். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோதும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். குளிக்கும்போது பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குழாய்மேல் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஒரு தரம் மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன், அதிசயமாக அது வெட்டவும் இல்லை. தனிநபர் கடன் வேண்டுமா மேடம் என்று ஒரு பெண் குரல் கேட்டது. அந்தப் பெண்ணை நான் என்னவெல்லாம் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. போனையும் திட்டினேன். அந்த வாரத்தில் அதை நான் திட்டிய திட்டுக்கு அதற்கு ரோஷம் இருந்திருந்தால் தானாகவே ஏரியில் விழுந்திருக்கும். என் விதியை வெட்டி வெட்டி வைக்கிறது என்று அதைத்தான் நம்பினேன்.

அன்று மாலை வீட்டுக்காரர், பாய் சொன்னதையே ஒரு வீடியோவில் யாரோ ஒரு பையன் சொல்லக் கேட்டார். பதினான்கு நிமிஷ வீடியோ. முதல் ஐந்து நிமிஷம் மக்களே மக்களே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முடிந்ததும், "ஃபேக்டரி ரீசெட்தான் ஒரே வழி" என்று எனக்குப் புதிதாகச் சொல்வதுபோல அறிவித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை பார்த்தேன். போன் வரவில்லை. அந்த சிஸ்டர் சொன்ன கெடு முடிந்தது. நான் சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "விடு. இதைவிட நல்லதா ஏதாவது வரும். முதல்ல போனைச் சரி பண்ணிடலாம்" என்றார். குரலில் அவ்வளவு கனிவு.

அன்று விரலுக்குத் திரை சுத்தமாகக் கேட்காததால் பொத்தான்களை வைத்தே ரீசெட் போட வேண்டியிருந்தது. பவர் பொத்தானையும் சத்தம் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தார். திரையில் ஒரு பச்சைப் பொம்மை வயிறு திறந்து மல்லாந்து கிடந்தது. அடியில் ஒரு பட்டியல் வந்தது. எல்லாத் தகவல்களையும் அழிக்கவா என்று கேட்டது.

"பாய் ஏதோ பாஸ்வேர்டு கேட்டாரே" என்றேன்.

"நான் போட்ட பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா?" என்று ஆமாம் பொத்தானை அமுக்கினார்.

பத்து நிமிஷத்தில் போன் புத்தம் புதிதாக விழித்தது. வணக்கம் சொன்னது. தொட்ட இடம் தொட்டபடி வேலை செய்தது, டார்ச் தானாக எரியவில்லை. அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அடுத்த திரையில், இந்தப் போன் ரீசெட் செய்யப்பட்டிருக்கிறது, தொடர வேண்டுமானால் முன்பு இதில் இருந்த கணக்கின் கடவுச்சொல்லைப் போடவும் என்று வந்தது. மகளின் பெயரும் பிறந்த வருஷமும் போட்டார். இல்லை. முதலில் வாங்கிய பைக்கின் எண். இல்லை. குலதெய்வம். அதுவும் கைவிட்டது. சிறிது நேரம் கழித்து முயலவும் என்று பூட்டிக்கொண்டது. தரக் கட்டுப்பாடு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று போட்டால், கணக்கோடு சேர்த்திருக்கும் எண்ணுக்கு ஓ.டி.பி. கோடு ஒன்று வரும். அந்த எண் யாருடையது என்று நான் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில் கேட்கவேண்டிய கேள்வியே இல்லை அது. சமையல் எரிவாயு அவர் எண்ணில், ரேஷன் அட்டை அவர் எண்ணில், என் பெயரில் இருக்கும் என் வங்கிக் கணக்கும் அவர் எண்ணில். சிலிண்டர்காரர் வாசலில் நின்றுகொண்டு கோடு கேட்பார். நான் மறைமலை நகருக்குப் போன் போடுவேன். அவர் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து நான்கு எண்களைச் சொல்வார். அதை நான் சிலிண்டர்காரரிடம் சொல்வேன். வருஷக் கணக்காக இப்படித்தான். எங்கள் மாடியில் மற்ற மூன்று வீடுகளிலும் இதே கதைதான். ஒரு தரம் லிஃப்ட் அருகே நான்கு பெண்கள் நின்று நான்கு கணவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்று அதைச் சிரித்துப் பேசினோம் என்பதை நினைத்தால் இப்போது கோபம் வருகிறது.

அவர் தன் போனைத் திறந்து என் கையில் கொடுத்தார். "இதுல கோடு வரும். பாத்துப் போட்டுக்கோ, அஞ்சு நிமிஷத்துல காலாவதி ஆயிடும். நான் குளிச்சிட்டு வந்துடறேன்" என்று துண்டோடு போனார்.

கோடு வந்தது. செய்திகளைத் திறந்தேன். மேலே ஆறு எண்கள். அடுத்து ஒரு ரீசார்ஜ் விளம்பரம், ஒரு துணிக்கடைத் தள்ளுபடி. அதற்குக் கீழே பெயர் போடாத ஒரு எண்ணிலிருந்து ஒரு செய்தி. அதன் கடைசி வரியில் பள்ளி அலுவலகம் என்று இருந்ததால்தான் என் கண் அங்கே போனது.

"வணக்கம் சார். இன்று போனில் பேசியபடி, உங்கள் மனைவிக்கு நூலக உதவியாளர் பணியில் சேர விருப்பம் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டோம். நன்றி. பள்ளி அலுவலகம்."

அதற்கு அவர் பதில் போட்டிருந்தார். "நன்றி மேடம். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே கால்.

நான் அதை மூன்று முறை படித்தேன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலையில்தான் அவர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து பிளேடால் கண்ணாடியை நெம்பினார். புதன்கிழமை நான்கு துடைப்பங்களை இறக்கினார். வியாழக்கிழமை என்னை டீசன்டாக இருக்கச் சொன்னார். நேற்று சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, விடு, நல்லதா வரும் என்றார். எல்லாம் தெரிந்துகொண்டு. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், அது வரவில்லை.

இதற்குள் கோடு காலாவதி ஆகிவிட்டது. இன்னொன்று கேட்டேன். வந்தது. போட்டேன். என் போன் திறந்துகொண்டது. முதல் வேலையாக அந்தப் பள்ளிக்கூடத்தின் எண்ணை அதில் பதிந்துகொண்டேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். "கோடு வந்துச்சா?"

"வந்துச்சு. செவ்வாய்க்கிழமை வந்த செய்தியும் பாத்தேன்" என்று அவருடைய போனை நீட்டினேன்.

துண்டு தலையிலேயே நின்றது. பிறகு அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"உன் நம்பர்ல ரெண்டு தடவை கட் ஆயிடுச்சாம். அதனால எனக்குப் பண்ணாங்க."

"உங்க நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஃபார்ம்ல கணவர் நம்பர்னு கட்டம் இருந்திருக்கும். நீதானே எழுதியிருப்ப."

ஆமாம். நான்தான் எழுதினேன். என் எண்ணை எழுதும்போதுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன், அவர் எண் மட்டும் யோசிக்காமலே வந்தது.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"தப்பா ஒண்ணும் சொல்லல. உனக்கு முட்டி வலி, ரெண்டு பஸ் மாறணும், வெயில் வேற. இப்ப எதுக்கு உனக்கு இந்தக் கஷ்டம்? பொண்ணு படிச்சு முடிக்கப்போறா. நல்லா ஓய்வா இருக்கலாமேன்னுதான். உன்கிட்ட சொன்னா நீ பிடிவாதம் பிடிப்ப."

"பிடிச்சிருப்பேன்."

"அதான்" என்றார், நான் அவர் பக்கம் பேசிவிட்டதுபோல.

எனக்கு ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. "செவ்வாய்க்கிழமையே எல்லாம் முடிஞ்சுபோச்சு இல்ல? அப்பறம் எதுக்கு இத்தனை நாளா இதைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தீங்க?"

அவர் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "போன் ரிப்பேராத்தானே இருந்துச்சு?"

இதில் அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. போன் ரிப்பேர், அதைச் சரிசெய்தார். மனைவிக்கு முட்டி வலி, அவளுக்கு வந்த வேலையைத் தள்ளிவிட்டார். அவர் கணக்கில் இரண்டும் ஒரே அக்கறை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பது அவருடைய எந்த ஸ்டெப்பிலும் இல்லை. மன்னிப்பு பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் கேட்டிருந்தார், சிரமம் கொடுத்ததற்கு.

அன்று நான் சமைக்கவில்லை. கோபத்தில் அல்ல, கை வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு நானும் கிளம்பினேன். வந்து நிக்காதீங்க என்று சொன்ன சிஸ்டரின் முன்னால் போய் நின்றேன். முட்டி வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பஸ் மாறவேண்டியதும் உண்மை.

சிஸ்டருக்கு என்னை நினைவிருந்தது. நடந்ததைச் சொன்னேன். யார் மேலும் பழி போடாமல் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், சொல்லும்போது எல்லாமே கொட்டிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. புதன்கிழமையே வேற ஆள் போட்டுட்டோம்" என்றார். பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார், "உங்க ஹஸ்பண்ட் ரொம்ப மரியாதையா பேசினார்" என்றார். சன்னல் வழியாக எதிர்க் கட்டிடத்தில் நூலகம் தெரிந்தது. இளநீலப் புடவையில் ஒரு பெண் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வரிசை தவறாக வைத்தாள். இல்லை, சரியாகத்தான் வைத்திருப்பாள், எனக்குத்தான் அப்படித் தெரிந்திருக்கும்.

"ஜூன்ல சின்னப் பசங்க செக்ஷனுக்குத் தனியா லைப்ரரி வைக்கிறதா பேச்சு இருக்கு. உறுதி இல்ல. வேணும்னா ஆபீஸ்ல உங்க ஃபார்மை வச்சிருக்கச் சொல்றேன்" என்றார் சிஸ்டர்.

அலுவலகத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தார். எழுத்துப்பிழை இல்லாமல் அந்தச் செய்தியை எழுதியவர் இவராகத்தான் இருக்க வேண்டும். என் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார். கணவர் எண் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் அவருடைய பத்து எண்கள் இருந்தன. பேனா கேட்டு வாங்கி, அதை நன்றாக அடித்தேன். தாள் கிழியும் அளவுக்கு.

"அந்தக் கட்டம் காலியா இருக்கக்கூடாது மேடம். நீங்க எடுக்கலேன்னா நாங்க யாரையாவது கூப்பிடணுமே" என்றார்.

"என்னையே திரும்பக் கூப்பிடுங்க" என்று சொல்லி, அங்கேயும் என் எண்ணையே எழுதினேன்.

அவர் அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். மேஜைமேல் இருந்த அலுவலக செல்போனை எடுத்து, தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார்.

என் கைப்பைக்குள் மணி அடித்தது. எடுத்தேன். திரையில் பள்ளிக்கூடத்தின் பெயர். பச்சை வட்டத்தைத் தொட்டேன். வெட்டவில்லை. அப்படியே நின்றது. ஒரு வாரம் குளியலறையில்கூடக் கையோடு வைத்துக்கொண்டு நான் காத்திருந்த அழைப்பு, மூன்றடி தள்ளி எதிர் நாற்காலியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அவரும் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா மேடம்?" என்றார்.

"கேக்குதுங்க" என்றேன்.

"சரி மேடம், நம்பர் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.